தூரத்துப் பச்சையும் பளிங்கு வனதேவனும்

பிற நாடுகளில் குடியேறி வாழ்ந்த கலைஞர்களைப் பற்றிய நாவல்கள் மேனாட்டு இலக்கியத்தில் ஒரு தனி மரபாகவே வளர்ந்துள்ளன. அம்மரபின் முன்னோடிகளுள் ஒன்று, அமெரிக்க நாவலாசிரியர் நதானியல் ஹாதார்ன் எழுதி 1860ஆம் ஆண்டில் வெளிவந்த 'மார்பிள் ஃபான்' என்னும் நாவலாகும். 'ஃபான்' என்பது பாதி மனிதனும் பாதி விலங்குமான ரோமானியக் காட்டுத் தேவன். 'பளிங்கு வனதேவன்' என்று நாம் தமிழில் சொல்லிக் கொள்ளலாம். இத்தாலிய நாட்டு ரோமாபுரியில் வாழும் அந்நியக் கலைஞர்களின் கதையை அட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் உள்ள ஆசிரியரும் மாணவரும் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு நாட்டின் அழகைக் காண்பவன் யார், அந்த அழகுக்கு விலை கொடுப்பவன் யார் என்ற கேள்வியை, ஆசிரியர் விரும்பியோ விரும்பாமலோ, இந்நாவல் எழுப்பிவிடுகிறது. அது நம் மலைநாட்டின் கேள்வி. நாம் இதைப் படிக்க அந்த ஒரு காரணமே போதும்.

கதையைச் சுருக்கமாகக் காண்போம். ரோமாபுரியில் மூன்று கலைஞர்கள் இருக்கிறார்கள். கென்யன் அமெரிக்கச் சிற்பி. ஹில்டா, பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரையும் அமெரிக்க இளம்பெண். உயர்ந்த கோபுரமொன்றில் வெண்புறாக்களுடன் வாழ்ந்து, மாதாவின் சொரூபத்துக்கு முன்னுள்ள விளக்கை அணையாமல் காத்துவருபவள். மிரியம், பூர்வோத்தரம் எவரும் அறியாத ஓவியப் பெண். இவர்களின் நண்பன் டொனாடெல்லோ. அவன் இத்தாலியன். பிராக்ஸிடலீஸ் வடித்ததாகக் கூறப்படும் வனதேவன் சிலைக்கும் அவனுக்கும் உள்ள உருவ ஒற்றுமை கண்டு மற்ற மூவரும் வியக்கிறார்கள். கவலையறியாத இயற்கைப் பிள்ளை என்று அவனைக் கொண்டாடுகிறார்கள். மிரியத்தை நிழல்போல் தொடரும் மர்ம மனிதன் ஒருவனை, ஓர் இரவில், அவள் கண்ணில் தோன்றிய குறிப்பையே ஆணையாகக் கொண்டு, டார்ப்பியப் பாறையிலிருந்து டொனாடெல்லோ தள்ளிக் கொன்றுவிடுகிறான். ஹில்டா அதைக் கண்டுவிடுகிறாள். அக்கணம் முதல் நால்வர் வாழ்வும் மாறுகிறது. இங்கிலாந்தில் இந்நாவல் 'உருமாற்றம்' என்று பொருள்படும் தலைப்பிலேயே வெளிவந்தது.

நாவலின் கதையைப் போலவே நம் கவனத்துக்குரியது அதன் முன்னுரை. தம் கதைக்கு இத்தாலியைக் களமாகத் தேர்ந்ததற்கு ஹாதார்ன் அதில் காரணம் கூறுகிறார். இத்தாலி கற்பனைக்கு உகந்த நிலம், அங்கே நடைமுறை உண்மைகள் ஆசிரியனை நெருக்குவதில்லை என்பது அவர் வாதம். தம் தாய்நாட்டிலோ பழமையில்லை, நிழலில்லை, மர்மமில்லை. இருண்ட அநீதி எதுவும் இல்லை. பட்டப்பகலின் சாதாரணச் செழிப்பு மட்டுமே உண்டு. அத்தகைய நாட்டைப் பற்றிக் கற்பனைக் காவியம் எழுதுவது கடினம் என்று அவர் சொல்லிச் செல்கிறார்.

இந்த முன்னுரை எழுதப்பட்டது 1859 டிசம்பரில். அதே மாதம் 2ஆம் தேதி, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்காக ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன் வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டார். ஏறத்தாழ நாற்பது லட்சம் மக்கள் அந்நாட்டில் அப்போது அடிமைகளாக இருந்தனர். ஹாதார்ன் இவற்றை அறியாதவரா? 1853 முதல் 1857 வரை லிவர்பூலில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தவர் அவர். அடிமைகள் பறித்த பஞ்சு லாங்காஷயர் ஆலைகளுக்குப் போவதற்காக வந்து இறங்கிய துறைமுகம் அது. அப்பதவியை அவருக்கு அளித்தவர் ஜனாதிபதி பிராங்க்ளின் பியர்ஸ். பியர்ஸின் தேர்தலுக்காக 1852இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தந்தவர் ஹாதார்ன். அடிமைமுறையைக் காலத்தின் கையில் விட்டுவிடலாம் என்னும் போக்கில் அமைந்த நூல் அது. ஆகவே முன்னுரையில் நாம் காண்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தம் வீட்டில் எரியும் நெருப்பைக் காணாதிருக்க ஒருவர் அயல்வீட்டுத் தோட்டத்தின் அழகை நோக்கித் திரும்பி நிற்கிறார்.

ஆனால் இலக்கியம் ஆசிரியனின் விருப்பத்துக்கு முழுவதும் கட்டுப்படுவதன்று. முன்வாசலில் தடுக்கப்பட்ட உண்மை பின்வாசல் வழியாக நுழைந்துவிடும். நாவலின் தொடக்கப் பகுதியில் மிரியத்தின் பிறப்பைப் பற்றி ரோமாபுரியில் உலவிய வதந்திகளை ஆசிரியர் அடுக்குகிறார். அவற்றுள் ஒன்று, அவள் அமெரிக்கத் தென்பகுதித் தோட்டத்துரை ஒருவனின் மகள் என்பது. கல்வியும் செல்வமும் பெற்றிருந்தும், தன் குருதியில் கலந்த ஒரு துளி ஆப்பிரிக்க இரத்தத்தின் காரணமாக, அவமானம் தாங்காது நாட்டைத் துறந்து ஓடிவந்தவள் என்பது. நிழலே இல்லாத நாடு என்று முன்னுரையில் கூறியவர், சில பக்கங்கள் கடப்பதற்குள் அந்நாட்டு நிழலொன்றைத் தம் கதாநாயகியின் மீது விழவைத்துவிட்டார். வதந்தி என்ற போர்வையிலாவது அது வந்தே தீர்ந்தது. கலைஞனின் கை, அவன் அரசியலைவிட நேர்மையானதாக இருந்த இடங்களில் இதுவும் ஒன்று.

இனி, இத்தாலியை இந்நாவல் எவ்வாறு காண்கிறது என்று பார்ப்போம். ஹாதார்ன் அங்கு வாழ்ந்தது 1858, 1859ஆம் ஆண்டுகளில். அப்போது ரோமாபுரி போப்பாண்டவரின் ஆட்சியில், பிரெஞ்சுப் படையின் காவலில் இருந்தது. 1859இல் வட இத்தாலியில் விடுதலைப் போர் மூண்டது. 1861இல் இத்தாலிய அரசு பிறந்தது. 1870இல் ரோமாபுரியும் அதனுடன் இணைந்தது. இந்த மாபெரும் கொந்தளிப்பு நாவலில் ஏறக்குறைய இல்லை. பிரெஞ்சுச் சிப்பாய்கள் காவல் நிற்கிறார்கள். அவர்களும் காட்சியின் ஒரு பகுதியாகவே நிற்கிறார்கள். பாழடைந்த மாடங்கள், சித்திரக் கூடங்கள், நீரூற்றுகள், திருவிழா ஆகியவற்றை ஆசிரியர் விரித்துரைக்கும் திறன் பெரிது. இந்நூலை வழிகாட்டிப் புத்தகமாகக் கையிலேந்தி மேனாட்டுப் பயணிகள் பலர் பின்னாளில் ரோமாபுரியைச் சுற்றினர்.

இந்தப் பார்வையின் இயல்பை முழுமையாகக் காட்டும் இடம் ஒன்றுண்டு. கென்யனும் டொனாடெல்லோவும் டஸ்கனியின் நாட்டுப்புற வழியே பயணம் செய்கையில் உழவர் பெண்களைக் காண்கிறார்கள். அப்பெண்கள் தழையும் புல்லும் காட்டுப் பூவும் கலந்த பெருஞ்சுமைகளைச் சுமந்து செல்கிறார்கள். சுமந்து செல்பவளின் உருவம் சுமைக்குள் மறைந்துவிடுகிறது. பசுமையும் பூவும் தாமாகவே நடந்து போவதுபோல் தோன்றுகிறது. ஓவியனுக்கு எத்தகைய பொருள் என்று நாவல் மகிழ்கிறது. சுமை நடக்கிறது, சுமப்பவள் இல்லை. அவளுக்கு எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி, அந்நிலம் யாருடையது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. கொழுந்துக் கூடையுடன் சிரித்து நிற்கும் பெண்ணைத் தேயிலைப் பெட்டிகளின் மேலே காலங்காலமாகப் பார்த்துவரும் நமக்கு இந்தச் சித்திரம் புதியதன்று. உழைப்பை மறைத்து அழகை மட்டும் எடுத்துக்கொள்ளும் கண் உலகமெங்கும் ஒன்றே.

ஆயினும் ஹாதார்னை இத்துடன் ஒதுக்கிவிடுவது விமர்சனமாகாது. அது வெறும் தீர்ப்பாகிவிடும். அவர் பெரிய கலைஞர். டொனாடெல்லோவைப் பொம்மையாகக் கண்ட பார்வையை அவருடைய நாவலே உடைக்கிறது. டொனாடெல்லோ உழைப்பாளி வர்க்கத்தைச் சேர்ந்தவன் அல்லன். மான்டே பேனிப் பிரபு வம்சத்தின் கடைசி வாரிசு. அத்தகையவனையே இந்த அந்நியர்கள் காதுமடலின் நுனி கூர்மையாக இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பார்க்க விழைகிறார்கள் என்றால், அவனுடைய தோட்டத்துத் திராட்சையைப் பறிக்கும் எளியவன் அவர்கள் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்திருப்பான் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் கொலைக்குப் பிறகு டொனாடெல்லோ சிந்திக்கிறான், வருந்துகிறான், பொறுப்பை உணர்கிறான். சிலை மனிதனாகிறது. துயரமே அவனை முழு மனிதனாக்கியது என்னும் எண்ணம் கென்யனுக்குத் தோன்றுகிறது. பாவமும் துயரத்தைப் போல மனிதனைப் பக்குவப்படுத்துமோ என்று கேட்கிறான். ஹில்டா அதிர்ந்து அவன் வாயை அடைத்துவிடுகிறாள். கென்யனும் உடனே பின்வாங்குகிறான். அச்சமூட்டும் கேள்வியைக் கேட்டுவிட்டு விடையிலிருந்து ஓடும் நடுத்தர வர்க்க மனத்தை இதைவிட நுட்பமாக யாரும் சித்திரித்ததில்லை எனலாம்.

முடிவைப் பாருங்கள். திருவிழாவின் நடுவே, குடியானவன் வேடத்திலிருந்த டொனாடெல்லோ கைதாகிறான், சிறைக்குப் போகிறான். மிரியம் தவக்கோலத்தில், கடக்கமுடியாத பள்ளத்தின் மறுகரையில் நிற்பவள்போல் நின்று, நண்பர்களைக் கையசைத்து அனுப்பிவிடுகிறாள். கென்யனும் ஹில்டாவும் மணம் செய்துகொண்டு அமெரிக்காவுக்குத் திரும்ப முடிவு செய்கிறார்கள். கலைக்காக வந்தார்கள், அழகைக் கண்டார்கள், அனுபவம் பெற்றார்கள், ஊர் திரும்புகிறார்கள். மண்ணுக்குரியவன் சிறையில் இருக்கிறான். தண்டனையை அனுபவிக்க வேண்டியவன் யார் என்பதில் நாவலுக்கு ஐயமே இல்லை. ஊர் திரும்பக் கூடியவனுக்கு அயல்நாடு ஒரு கலைக்கூடம். திரும்ப முடியாதவனுக்கு அதுவே சிறை. ஹாதார்ன் இதைக் கொள்கையாகக் கூறவில்லை. கதையின் முடிவு தானே கூறிவிடுகிறது.

அதே ரோமாபுரியில், அதே பளிங்கில், வேறொரு கலையும் பிறந்தது. நாவல் வெளிவந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1866இல், எட்மோனியா லூயிஸ் என்னும் அமெரிக்கச் சிற்பி அங்கு வந்து குடியேறினார். ஆப்பிரிக்கக் குருதியும் அமெரிக்கப் பழங்குடிக் குருதியும் கலந்த பெண்மணி அவர். வதந்தியாக மட்டும் ஹாதார்ன் அனுமதித்த மிரியத்தை வரலாறு எலும்பும் சதையுமாக அனுப்பிவைத்ததுபோல் இருக்கிறது. 1867இல் லூயிஸ் செதுக்கிய 'என்றென்றும் விடுதலை' என்னும் சிற்பத்தில், அறுந்த விலங்கோடு கையை உயர்த்தி நிற்கிறான் விடுதலை பெற்ற நீக்ரோ. அருகில் ஒரு பெண் முழந்தாளிட்டிருக்கிறாள். வெள்ளைப் பளிங்கில் வனதேவனையும் வடிக்கலாம், விலங்கொடித்த மனிதனையும் வடிக்கலாம். அயல்நாட்டில் வாழ்வது கலைஞனின் குற்றமன்று. எதைக் காணாதிருக்க அவன் அங்கு போனான் என்பதே வினா.

இந்த வினாவோடு நம் மலைநாட்டுக்குத் திரும்புவோம். அயல்நாட்டுக் கலைஞர் வாழ்ந்த களம் இத்தாலி மட்டுமன்று. ஹாதார்னின் நாவல் வெளிவந்த 15 ஆண்டுகளில், 1875இல், ஆங்கிலப் புகைப்படக் கலையின் முன்னோடியான ஜூலியா மார்கரெட் கேமரன் இலங்கைக்கு வந்தார். அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவின் அங்கத்தவர். இராஜகாரிய முறை 1832இல் ஒழிக்கப்படுவதற்கும், கூலி உழைப்பும் பெருந்தோட்ட முதலும் இத்தீவில் வேரூன்றுவதற்கும் வழிவகுத்தவர்களுள் ஒருவர். மலைநாட்டில் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அக்கோப்பியை 1869 முதல் இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. அம்மையார் 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெர்ன் தோட்டத்தில் காலமானார். கணவன் மனைவி இருவரின் கல்லறையும் பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் இன்றும் இருக்கின்றது.

கேமரன் அம்மையார் சிறந்த கலைஞர் என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்கள் டென்னிஸன், டார்வின், ஹெர்ஷல் என்ற பெயர்களைத் தாங்கியவை. மாதாவாகக் கோலம் கொண்டு நின்ற அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் கலை வரலாற்றில் நிலைத்துவிட்டது. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவை மிகச் சிலவே. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் உள்ளனர். அம்முகங்களை இழிவுபடுத்தும் நோக்கம் அப்படங்களில் இல்லை. ஒளியும் நிழலும் பரிவோடு அவர்கள்மேல் படிகின்றன. ஆயினும், 'இலங்கைப் பெண்', 'இலங்கைக் குடியானவர்' என்னும் பொதுப்பெயர்களே பெரும்பாலும் அவற்றுக்கு வாய்த்தன. உருவம் உண்டு, பெயர் இல்லை. டஸ்கனிப் பெண்ணின் தழைச்சுமை நம் மலைக்கும் வந்துவிட்டது.

இங்கே ஓர் உண்மையை நாம் மறந்துவிடலாகாது. அந்தப் புகைப்படக் கருவிக்கு முன்னால் நின்ற தோட்டத் தொழிலாளியும் அயல்நாட்டான்தான். தமிழகக் கிராமங்களில் பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்டு, கங்காணியின் வார்த்தையை நம்பி, கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து மாத்தளை வழியாக மலையேறியவன் அவன். கடல் கடந்த இருவருள் ஒருவரைக் கலைஞர் என்றும், துரை என்றும், பயணி என்றும் உலகம் அழைத்தது; மற்றவனைக் கூலி என்று அழைத்தது. கென்யன் ஊர் திரும்புவதற்கு விருப்பம் ஒன்றே போதும். தோட்டத் தொழிலாளிக்கோ ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போகவும் கடன் கணக்கு எழுதிய 'துண்டு' வேண்டியிருந்தது. அத்துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

பின்னர் நடந்ததை நம் வாசகர்கள் அறிவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோர் பிரச்னை சட்ட அளவில் முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிருந்தவரை 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டவர்கள், நீலகிரியில் இறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார்கள். ஹாதார்னின் கலைஞர்களுக்கு இரண்டு நாடுகள் இருந்தன. நம் மக்களுக்கு இரண்டு நாடுகளிலும் நாடு இல்லாமற் போயிற்று.

இவ்வாழ்வை நம் இலக்கியம் எவ்வாறு கண்டது? 1935இல் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி' முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் தோட்டத்தில் வாழ்ந்தவர் அல்லர். தொலைவிலிருந்தே எழுதினார். எனினும் மருதி என்ற சேரிப்பெண்ணைத் திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து தோட்டத்துக்குத் துரத்திய பண்ணை ஆதிக்கத்தையும், தோட்டத்தில் அவளைச் சீரழித்த ஆதிக்கத்தையும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளாக அவர் கண்டார். எனவே, தொலைவு மட்டுமே பார்வையைப் பொய்யாக்கிவிடுவதில்லை. இவள் ஏன் இங்கு வந்தாள் என்று கேட்கத் துணிந்தவனுக்குத் தொலைவும் தடையாகாது. 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் நாவலுக்கு 'தூரத்துப் பச்சை' என்று பெயர். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் பழமொழியில் பாதியைச் சொல்லி மீதியை நம்மிடம் விட்டுவிட்ட தலைப்பு அது. ஹாதார்னின் முன்னுரை முழுவதற்கும் இந்த இரண்டு சொற்கள் விமர்சனமாகும்.

மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாக்குரிமையே அடுத்துப் பறிபோயிற்று. ஆங்கிலத்தில் அவர் எழுதி, சக்தீ பாலையா தமிழில் தந்த 'தேயிலைத் தோட்டத்திலே', தேயிலைச் செடிக்கு அடியில் கல்லறையின்றிக் கிடக்கும் முன்னோரை நினைவுகூரும் கவிதை. பொகவந்தலாவையில் பெயர் பொறித்த கல்லறையையும் இக்கவிதையையும் ஒருசேர மனத்தில் நிறுத்திப் பார்ப்பவருக்கு, இலக்கியம் எதற்காக என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிராது. கல் கிடைக்காதவனுக்குச் சொல் கல்லாகிறது.

இறுதியாக, நம்மை நோக்கியும் ஒரு சொல். அழகை மட்டும் காணும் கண்ணைக் கண்டிப்பது எளிது. துயரத்தை மட்டும் காணும் கண்ணும் அதன் உடன்பிறப்பே என்பதை முற்போக்கு எழுத்தாளராகிய நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். லயக் காம்பரா, அட்டைக்கடி, குளிர், கங்காணியின் வசை என்று நாலைந்து குறிப்புகளை அடுக்கி, கண்ணீர்ச் சிலையொன்றைச் செதுக்கி வைத்துவிட்டு, கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ திரும்பிவிடும் கதைகள் எத்தனை! அவற்றிலும் மனிதர் இல்லை. சுமை மட்டுமே நடக்கிறது. பெரட்டுக்களத்தில் எதிர்த்துப் பேசியவள், சங்கம் சேர்த்தவன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் காதுத்தோட்டை அடகு வைத்தவள், சிரித்தவள், பொய் சொன்னவள், காதலித்தவன் இவர்களெல்லாம் அக்கதைகளில் எங்கே? டொனாடெல்லோ மனிதனானதைக் காட்டியதால் ஹாதார்னின் நாவல் அவர் முன்னுரையைவிட உயர்ந்தது. நம் கதைகளும் நம் கொள்கை அறிக்கைகளைவிட உயர வேண்டும்.

மாணவர்கள் 'பளிங்கு வனதேவ'னைப் படிக்கட்டும். அதன் அழகில் ஈடுபடவும் செய்யட்டும். படிக்கும்போது இரண்டு கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளட்டும். இந்தச் சுமைக்குக் கீழே நடப்பவள் யார்? கதை முடிந்த பிறகு வீடு திரும்பக் கூடியவர் யார்? இவ்விரு கேள்விகளையும் ஒரு மேனாட்டு நாவலிடம் கேட்கப் பழகிய மாணவன், நாளை தன் மலையைப் பற்றித் தானே எழுத உட்காரும்போது, தன் எழுத்திடமும் அவற்றைக் கேட்காமல் இருக்கமாட்டான்.